கொடைச் சத்தமும் கோழியின் வயிற்றுக் கொழுப்பும்

வள்ளியூருக்கும் பணகுடிக்கும் இடையே ஒரு கிராமத்தில் நாட்டுக்கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. அவருடைய கொட்டகைக்குப் பக்கத்திலேயே அம்மன் கோயில் இருக்கிறது. சித்திரையில் தொடங்கி ஆடி முடியும்வரை சுற்றுவட்டாரத்தில் கொடை என்னும் கோயில் திருவிழா ஒன்று விட்டு ஒன்று வருவதால் குழாய் ஒலிபெருக்கிக்கு ஓய்வில்லை. மேற்கே காற்றாலைகள் வேறு. சொந்த ஊர்க் கொடை முடிந்த வாரத்தில், முட்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெட்டைகளை அறுத்திருக்கிறார். வயிற்றில் கை நிறைய மஞ்சள் கொழுப்பு இருந்ததாகவும், ஈரல் வெளிறித் தொட்டால் நொறுங்கியதாகவும் எழுதியிருக்கிறார். தீவனக்கடை அண்ணாச்சி, “சத்தத்துல மிரண்ட கோழிக்குக் கொழுப்புதான் ஏறும், கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கூட்டிப் போடுங்க, இறங்கிரும்” என்றாராம். அவர் சொன்னது சரியா, ஆடுகளுக்கும் அது பொருந்துமா, அந்தக் கறியைத் தின்னலாமா என்பது கேள்வி. இப்போது போடும் தீவனம் குருணை, மக்காச்சோளம், தவிடு, மீந்த சோறு என்ற விவரத்தையும் அவரே சேர்த்திருக்கிறார். பதிலில் பாதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. சத்தம் விலங்கின் உடலில் கொழுப்பைக் கூட்டுமா என்பது ஒன்று. தீவனத்தில் புரதத்தைக் கூட்டினால் கொழுப்பு குறையுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு, கோழியைப் பொறுத்தவரை, உறுதியான பதில் உண்டு. முதலாவதற்குப் பாதி உறுதியும் பாதி ஊகமும்தான் உண்டு. சத்தத்தால் வந்த கெடுதலைப் புரதம் சரிசெய்துவிடும் என்று அண்ணாச்சி இரண்டையும் முடிச்சுப் போட்டாரே, அந்த முடிச்சுக்குத்தான் ஆதாரம் மிகக் குறைவு. நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நெல்லைச் சீமையில் கோழிப் பண்ணைகளுக்குத் தீவன ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டவன். அந்தப் பழக்கத்தில் அவருக்கே பதிலாக எழுதுகிறேன். அறுத்த கோழியை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று வெடிச் சத்தம் கேட்ட விலங்கின் உடலில் இரண்டு வழிகளில் வேலை தொடங்குகிறது. நரம்பு வழியே சில நொடிகளில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் இரத்தத்தில் ஏறுகின்றன. மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பி வழியாக ஆணை போய், சில நிமிடங்களில் அட்ரினல் சுரப்பி ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கிறது. மாடு, ஆடு, பன்றி, மனிதர் ஆகியோரிடம் அந்த ஹார்மோன் கார்ட்டிசால். கோழியிடமும் எலியிடமும் அது கார்ட்டிகோஸ்டீரோன். ஓடவோ சண்டையிடவோ எரிபொருள் வேண்டும் என்பதால், இந்த முதற்கட்டத்தில் உடல் கொழுப்பைச் சேர்ப்பதில்லை, எடுத்துச் செலவழிக்கிறது. பாலூட்டிகளில் அட்ரினலினே கொழுப்புத் திசுவை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் இறக்கிவிடும். பறவைகளில் அட்ரினலினுக்கு அந்த வேகம் குறைவு. கொழுப்பைக் கரைக்கும் வேலையைப் பெரும்பாலும் கணையத்தில் சுரக்கும் குளுக்ககான் பார்த்துக்கொள்கிறது. எலியில் கண்டதை அப்படியே கோழிக்குச் சொல்லக் கூடாது என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

ஆக, ஒரு வெடியோ ஒரு நாள் மேளமோ கொழுப்பை ஏற்றாது. கணக்காகவும் பார்த்துவிடலாம். 100 கிராம் கொழுப்பில் சுமார் 900 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. நன்றாகத் தின்னும் பெட்டை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் தீவனம் எடுத்தால் அதற்குக் கிடைப்பது 270 கிலோகலோரி அளவுதான். உயிர் வாழ்வதற்கோ முட்டைக்கோ ஒரு துளியும் செலவழிக்காமல் அத்தனையையும் வயிற்றில் சேர்த்தால்கூட 100 கிராம் கொழுப்புக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். மூன்று நாள் கொடை முடிந்த வாரத்தில் அறுத்த கோழியில் நீங்கள் கண்ட கொழுப்பு அதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே சேர்ந்து வந்தது. அது கொடையை ஒட்டிக் கண்ணில் பட்டதே தவிர, கொடையால் வந்ததில்லை.

சத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம், கேள்வியின் கனமான பகுதியும் அதுதான். கோழிகளுக்குக் கார்ட்டிகோஸ்டீரோனை ஊசி வழியாகவோ தீவனத்தில் கலந்தோ நாள்தோறும் கொடுத்துச் செய்த பரிசோதனைகள் ஏராளம். அவற்றின் முடிவுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: மார்புச் சதையும் தொடைச் சதையும் வற்றுகின்றன, வளர்ச்சி குன்றுகிறது, ஈரல் பெருத்துக் கொழுப்பேறுகிறது, வயிற்றுக் கொழுப்பு கூடுகிறது. அதாவது அந்த ஹார்மோன் சதையிலுள்ள புரதத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது; சர்க்கரை கூடுவதால் இன்சுலின் கூடுகிறது; ஈரல் கொழுப்பை உற்பத்தி செய்து அனுப்புகிறது. எடை ஏறாமலே உடலின் கொழுப்பு விகிதம் ஏறும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. அண்ணாச்சி சொன்னதில் உண்மையின் வேர் இருப்பது இந்த இடத்தில்.

ஆனால் ஊசியில் போகும் ஹார்மோனும் ஒலிபெருக்கிச் சத்தமும் ஒன்றல்ல. அந்தப் பரிசோதனைகளில் கொடுக்கப்படும் அளவு, பயந்த கோழி தானே சுரக்கும் அளவைவிடப் பல சமயம் அதிகம், இடைவெளியும் கிடையாது. கோழிகளை நேரடியாகச் சத்தத்துக்கு உட்படுத்திய ஆய்வுகளும் உண்டு. முட்டைக் கோழிகளை ஒரு மணி நேரம் 90 டெசிபல் சத்தத்தில் வைத்து, 65 டெசிபலில் இருந்தவற்றோடு ஒப்பிட்ட ஆய்வில், சத்தத்தில் இருந்தவற்றின் இரத்த வெள்ளணுக்களின் விகிதம் மாறியது. கையால் மல்லாத்திப் பிடித்துவிட்டால் அசையாமல் கிடக்கும் நேரமும் நீண்டது. முன்னது உளைச்சலையும் பின்னது அச்சத்தையும் அளக்கும் அளவுகோல். ஆனால் அத்தகைய ஆய்வுகள் அளந்தது உளைச்சலையும் அச்சத்தையும்தான். வயிற்றுக் கொழுப்பை எடைபோடவில்லை. எலிகளையும் சுண்டெலிகளையும் தினமும் சில மணி நேரம் 95 டெசிபல் போன்ற அளவில் வாரக்கணக்கில் வைத்த ஆய்வுகளில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போவது பதிவாகியிருக்கிறது. அதே எலி, மன உளைச்சலில் இரையைக் குறைத்து எடை இழப்பதும் ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் காணும் காட்சி. எனவே சத்தம் நீடித்தால் உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதம் கெடலாம் என்று சொல்லலாம். விலங்கு கொழுக்கும் என்று சொல்ல முடியாது. மனிதர்களிடம், ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் விமானச் சத்தத்துக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். அது தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிறுவப்படவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் வரும் சத்தத்துக்குக் கோழி சில நாளில் பழகிவிடும். ஆலை ஓசைக்கு அருகிலேயே அமைதியாக முட்டையிடும் கோழிகள் உண்டு. முன்னறிவிப்பின்றி விட்டுவிட்டு வெடிக்கும் வேட்டுக்கு அது பழகுவதில்லை. உங்கள் ஊரில் பகல் முழுவதும் ஓடும் பாட்டைவிட, சாமி வரும் நேரத்தில் போடும் வேட்டும் நள்ளிரவில் திடீரென்று உச்சத்துக்குப் போகும் நையாண்டி மேளமும்தான் கோழிக்குத் தொல்லை.

இனிப் புரதத்துக்கு வருவோம். கோழியின் உடலில் கொழுப்பு தயாராகும் இடம் ஏறக்குறைய முழுவதும் ஈரல்தான். பன்றியில் அது கொழுப்புத் திசுவிலேயே நடக்கும். ஆடு மாடுகளிலும் கொழுப்புத் திசுவில்தான், ஆனால் சர்க்கரைக்குப் பதில் இரைப்பை நுண்ணுயிர்கள் தரும் அசிட்டேட் என்ற பொருள் அங்கே மூலப்பொருள். தீவனத்தில் புரதத்தின் பங்கைக் கூட்டி மாவுச்சத்தின் பங்கைக் குறைத்தால், கோழி ஈரலில் கொழுப்பு தயாரிக்கும் நொதிகளின் வேகம் குறைகிறது என்பது 1960களிலிருந்தே தெரிந்த விஷயம். பிறகு பல நாடுகளில் பலமுறை உறுதியாகியிருக்கிறது. இறைச்சிக் கோழிப் பண்ணைகளில் வயிற்றுக் கொழுப்பைக் கட்டுப்படுத்தத் தீவனத்தின் ஆற்றலுக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதத்தைத் திருத்துவது அன்றாட நடைமுறை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட பரிந்துரையில் இறைச்சிக் கோழிக்கு முதல் மூன்று வாரம் 23 சதவீதம், அடுத்த மூன்று வாரம் 20, பிறகு 18 என்று புரத அளவு இறங்கிவரும். முட்டையிடும் நாட்டுக்கோழிக்கு 16 சதவீதம் இருந்தால் வண்டி ஓடும்.

இப்போது உங்கள் தீவனத்தைப் பாருங்கள். குருணையில் புரதம் 8 சதவீத அளவு, மக்காச்சோளத்தில் 9, தவிட்டில் 12 அல்லது 13, வெந்த சோற்றில் தண்ணீர் போக மிஞ்சுவது குருணைக்குச் சமம். தவிட்டை மிகுதியாகப் போடாதவரை இவற்றின் கலவை 10 சதவீதத்தைத் தாண்டுவது கடினம். முட்டைக்குத் தேவையான புரதம் கிடைக்கும்வரை கோழி தின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். அதற்குள் மாவுச்சத்து தேவைக்கு மேல் உள்ளே போய்விடும். மிச்சத்தை ஈரல் கொழுப்பாக்கி வைக்கும். கொடைக் காலத்தில் இது இன்னும் கூடும். கோயிலில் பொங்கி மீந்த சோறும் படைப்புச் சோறும் மறுநாள் யார் வீட்டுக் கோழிக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். சீரியல் விளக்கு விடிய விடிய எரிந்தால் கோழிக்கு இரவே கிடையாது. வெளிச்சம் இருக்கும்வரை அது கொத்தித் தின்னும், அங்குமிங்கும் அலையாமல் கொட்டகைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கவும் செய்யும். நான் பார்த்தவரை, கொடை நாட்களில் கோழி மாறுகிறது என்றால் அதில் சத்தத்தின் பங்கைவிட வெளிச்சமும் சோறும் மேய்ச்சல் நின்றுபோவதும் பெரும் பங்கு. சத்தத்தை மட்டும் தனியே பிரித்துக் குற்றம் சாட்ட ஒரு கிராமத்துக் கொட்டகையில் வழியே இல்லை.

ஆகவே புரதத்தைக் கூட்டச் சொன்ன அண்ணாச்சியின் மருந்து உங்கள் கோழிகளுக்கு வேலை செய்யக்கூடும். ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல. தீவனத்தில் புரதம் ஏற்கெனவே குறைவு, அதை நிரப்பினால் கொழுப்பு குறையும். நூறு கிலோ கலவையில் 80 கிலோ குருணையும் மக்காச்சோளமும், 20 கிலோ சோயா புண்ணாக்கும் என்று வைத்தால், முன்னதிலிருந்து சுமார் 7 கிலோவும் பின்னதிலிருந்து 9 கிலோவும் புரதம் வந்து 16ஐத் தொட்டுவிடும். சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல், தாது உப்புக் கலவை, வைட்டமின் ஆகியவை தனியே சேர வேண்டும் என்பது வேறு. இதையே சத்தமில்லாத ஊரில் வளரும் கோழிக்கும் சொல்லுவேன்.

சத்தத்தால் கார்ட்டிகோஸ்டீரோன் உண்மையிலேயே உயர்ந்திருக்கும் கோழிக்குத் தேவைக்கு மேல் புரதம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதில்தான் நான் அண்ணாச்சியிடமிருந்து விலகுகிறேன். அந்த ஹார்மோன் செய்யும் வேலையே புரதத்தை உடைப்பதுதான். அமினோ அமிலங்களின் நைட்ரஜன் பகுதி யூரிக் அமிலமாகி எச்சத்தில் வெளியேறும். மீதிப் பகுதி சர்க்கரையாகவும் தேவைப்பட்டால் கொழுப்பாகவும் மாறும். கூடுதலாகக் கொடுத்த புரதத்தில் ஒரு பகுதி அந்த வழியிலேயே போய்விடும் என்று எதிர்பார்ப்பது நியாயம். யூரிக் அமிலம் தயாரிக்கவும் ஆற்றல் செலவாகிறது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் வெப்பமும் மாவுச்சத்தைவிட அதிகம். அக்னி நட்சத்திர வெயிலில் அலகைத் திறந்துகொண்டு மூச்சிரைக்கும் கோழிக்கு அந்தக் கூடுதல் வெப்பம் உதவியாக இராது. எச்சத்தில் நைட்ரஜன் கூடினால் கொட்டகையில் அம்மோனியா வாடை ஏறும், கண் எரியும், சுவாசம் கெடும். அதுவும் கோழிக்கு ஓர் உளைச்சல்தான். சத்தமும் புரதமும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் ஈடுகட்டும் என்பதற்கு எலிகளில் சில குறிப்புகள் தவிர, நாட்டுக்கோழிக்கு எடுத்துக்காட்டும்படி தெளிவான பதிலில்லை. தேவையான அளவை நிரப்புவது வரை சரி. அதற்கு மேல் கொட்டுவது காசுக்குக் கேடு என்பது என் முடிவு.

அளவோடு எந்தப் புரதம் என்பதும் முக்கியம். ஈரலில் தயாரான கொழுப்பு அங்கேயே தங்காமல் வெளியேற, அதைப் பொதிந்து அனுப்பும் புரத உறையும் பாஸ்போலிப்பிட் என்ற பொருளும் வேண்டும். அவை இல்லாவிட்டால், அரவை மில்லில் அரிசி குவிந்து கிடக்கச் சாக்கு இல்லாத நிலைதான். பாஸ்போலிப்பிட்டுக்குக் கோலின் என்ற சத்து வேண்டும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அந்த வேலைக்குக் கைகொடுக்கும். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது இந்த மெத்தியோனின்தான். நம் பக்கம் எளிதில் கிடைக்கும் எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்றாக உண்டு, லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. சோயாவில் லைசின் உண்டு, மெத்தியோனின் குறைவு. சோயாவில் ஒரு பகுதியை எள்ளுப் புண்ணாக்காக மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்ளும். புரதமே போதாத குழந்தைகளுக்கு வரும் க்வாஷியோர்க்கர் நோயில் உடல் வற்றியிருந்தும் ஈரல் மட்டும் கொழுப்பேறிப் பெருத்திருப்பதற்கும் இந்தப் பொதிவுக் குறைபாடு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கடலைப் புண்ணாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்; அப்லாடாக்சின் என்ற பெயர் உலகுக்கு அறிமுகமானது அப்படித்தான். அந்த நஞ்சு ஈரலில் புரதம் தயாராவதைத் தடுக்கும்; அதனால் கொழுப்பு வெளியேற முடியாமல் ஈரலிலேயே தங்கிவிடும்; ஈரல் வெளிறி மஞ்சளாகும். கொழுப்பை இறக்க என்று வாங்கிப் போட்ட புண்ணாக்கே ஈரலில் கொழுப்பை ஏற்றிவிடக்கூடும் என்பதை யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கோடு சுவரில் சாய்த்து வைத்த புண்ணாக்கு, உடைத்தால் உள்ளே பச்சையோ சாம்பலோ படர்ந்திருந்தால், கோழிக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை அடங்கினாலும் உண்டான நஞ்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கருவாட்டுத் தூளில் சிக்கல் வேறு: உவரிக் கடற்கரைப் பக்கம் கிடைக்கும் மலிவுக் கருவாட்டில் உப்பு மிகுந்திருக்கும், கோழி தண்ணீராகக் குடித்துத் தண்ணீராக எச்சமிடும், அளவு கூடினால் முட்டையில் கவிச்சி வரும். உப்பில்லாமல் உலர்த்தியது கிடைத்தால் நூறு கிலோவுக்கு நான்கைந்து கிலோ போதும்.

ஈரலைப் பற்றி நீங்கள் எழுதியதை இப்போது வேறு கண்ணோடு பார்க்கலாம். முட்டையிடும் பெட்டையின் ஈரல் இயல்பிலேயே சற்று மஞ்சளாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முட்டையின் மஞ்சள் கருவிலும் நாலைந்து கிராம் கொழுப்பு இருக்கிறது. அதை ஈஸ்ட்ரஜன் ஹார்மோனின் ஏவலில் ஈரல்தான் தயாரித்து அனுப்புகிறது. சேவலின் கருஞ்சிவப்பு ஈரலோடு ஒப்பிட்டு நோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் நொறுங்கியது என்கிறீர்களே, அது யோசிக்க வைக்கிறது. கொழுப்பேறிய ஈரல் விரலால் அமுக்கினால் வெண்ணெய் போல விலகி, உள்ளே சிறு சிறு இரத்தத் திட்டுகளைக் காட்டினால், அது முட்டைக் கோழிகளுக்கு வரும் கொழுப்பு ஈரல் இரத்தக்கசிவு நோயாக இருக்கலாம். தேவைக்கு மேல் ஆற்றலுள்ள தீவனமும் அசைவின்மையும் வெப்பமும் சேரும்போது அது வரும். அத்தகைய கோழி திடீரென்று செத்துக் கிடக்கும், கொண்டை வெளுத்திருக்கும், வயிற்றைத் திறந்தால் ஈரல் மேல் உறைந்த இரத்தம் படிந்திருக்கும். அப்படிச் செத்த கோழி உங்கள் கொட்டகையில் இருந்ததா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இன்னொன்று நடந்தால், ஐஸ் வைத்து அன்றே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால், நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து ஊகிப்பதைவிட உறுதியான பதில் கிடைக்கும்.

சத்தம் உங்கள் கோழிகளை உண்மையில் தொட்டிருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, முட்டையே சொல்லும். ஓடு உருவாகக் கருப்பையில் சுமார் இருபது மணி நேரம் ஆகும்; அதில் பெரும்பகுதி இரவில் கழியும். ஓடு இன்னும் மெல்லியதாக இருக்கும் நேரத்தில் கோழி பயந்து துள்ளினாலோ ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ, ஓடு உள்ளேயே விரிசல் விட்டு, பிறகு அதன்மேல் சுண்ணாம்பு படிந்து ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட முட்டையின் இடுப்பில் மோதிரம் போட்டதுபோல ஒரு வரம்பு விரலுக்குத் தட்டுப்படும். வேட்டுப் போட்ட இரவுக்கு அடுத்த இரண்டு காலைகளில் எடுத்த முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். அந்த வரம்பு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், கோழி மிரண்டது உறுதி. காலையில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிச் செத்த குஞ்சுகள் கிடந்தாலும் அதுவே சாட்சி. இவை ஏதுமின்றிக் கொழுப்பு மட்டும் இருந்தால் சத்தத்தை விட்டுவிட்டுத் தீவனச் சாக்கைத் திறந்து பாருங்கள்.

மிரண்டது உறுதியானால் மருந்து சத்தத்தைக் குறைப்பதுதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். குழாயிலிருந்து 10 மீட்டரில் 100 டெசிபல் இருந்தால் 40 மீட்டரில் 88, 160 மீட்டரில் 76. குழாய் ஒரு திசையை நோக்கியே பாயும் என்பதால், கொட்டகையைப் பார்க்கும் குழாயை மறுபக்கம் திருப்பிக் கட்டினாலே கணிசமான பலன் உண்டு. கொடைக்கு ஊர் வரி பிரிக்க வரும்போதே வரிதாரர்களிடமும் (வரி கொடுத்துக் கொடை நடத்தும் குடும்பத்தார்) மைக்செட்காரரிடமும் சொல்லிவிடுங்கள். கொடையன்று போய்ச் சொன்னால் சண்டையாகத்தான் முடியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணிவரை, ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல், தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அந்த விதி மனிதருக்காக எழுதப்பட்டது என்றாலும், பலன் கோழிக்கும் சேரும். அந்த நாட்களில் கொட்டகையின் கோயில் பக்கத்தைச் சாக்குப் படுதாவால் மறையுங்கள். அது சத்தத்தை அதிகம் தடுக்காது, வெளிச்சத்தைத் தடுக்கும்.

காற்றாலையைப் பற்றிச் சுருக்கமாக. போலந்தில் காற்றாலையிலிருந்து 50 மீட்டரிலும் 500 மீட்டரிலும் கூஸ் வகை வாத்துகளை வளர்த்து ஒப்பிட்டபோது, அருகில் இருந்தவை குறைவாக எடை கூடின, அவற்றின் இரத்தத்தில் கார்ட்டிசால் கூடியிருந்தது. பறவையில் முதன்மையான ஹார்மோன் கார்ட்டிகோஸ்டீரோன் என்றிருக்க, கார்ட்டிசாலை ஏன் அளந்தார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு. அதே நாட்டில் பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வில், மிக அருகில் வளர்ந்தவற்றின் இறைச்சியில் ஒமேகா 3 வகைக் கொழுப்பு அமிலம் ஒன்று குறைந்திருந்தது. இரண்டும் சிறு ஆய்வுகள். ஒரே ஒரு காற்றாலைப் பக்கத்தை வைத்து எல்லா இடத்துக்கும் முடிவு கட்ட முடியாது. அவற்றை நம்பினாலும் அவர்கள் பேசுவது 50 மீட்டரைப் பற்றி. உங்கள் காற்றாலைகள் அதைவிடத் தள்ளித்தான் இருக்கும்.

ஆடுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒட்டாது. தின்ற புரதத்தில் பெரும்பகுதியை இரைப்பை நுண்ணுயிர்கள் உடைத்துத் தம் உடலாக்கிக்கொள்கின்றன, மிஞ்சுவது அம்மோனியாவாகி ஈரலில் யூரியாவாகி வெளியேறுகிறது. புண்ணாக்கைக் கூட்டி ஆட்டின் சிறுநீரகக் கொழுப்பைக் குறைக்க முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மேய்ச்சலில் நடக்கும் கன்னி இன ஆட்டுக்குக் கொழுப்பு ஒரு பிரச்சினையும் இல்லை. சத்தம் கறவையைக் கெடுக்கும் என்பது மட்டும் சந்தேகமற்றது: மாட்டின் அருகே காகிதப் பையை ஊதி வெடித்துப் பயமுறுத்தினால் பால் இறங்காது என்பதை 1941இலேயே பரிசோதித்துக் காட்டிவிட்டார்கள். பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. கொடையன்று பால் குறைந்தால் தீவனத்தை மாற்ற வேண்டியதில்லை.

கறியைத் தின்னலாமா என்றால், நடமாட்டத்தோடு இருந்து நீங்களே அறுத்த கோழியின் கறிக்குத் தடையில்லை, கொழுப்பை ஒதுக்கிவிடலாம். புண்ணாக்கிலோ சோளத்திலோ பூஞ்சை இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஈரலை மட்டும் விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். தானாகச் செத்துக் கிடந்த கோழியை, ஈரல் எந்த நிறத்தில் இருந்தாலும், குழி தோண்டிப் புதைப்பதுதான் சரி. தீவனத்தை மாற்றிய பிறகு ஆறு வாரம் கழித்து இன்னொரு பெட்டையை அறுக்கும்போது வயிற்றுக் கொழுப்பைத் தராசில் வைத்து எடை பார்த்து, கோழியின் உயிர் எடையோடு சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டு எண்கள் இருந்தால் இதைவிடத் திட்டமாகப் பேசலாம்.